மலைப் பிள்ளைகளுக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை: கிளினிக்கிலிருந்து டில்லி ஆய்வகம் வரை

நீலகிரியிலிருந்து முதல்முறையாகத் தேசியப் போட்டிக்குப் போகிற பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுக்கிற பி.இ.டி. ஆசிரியர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கோத்தகிரி பக்கம் ஓட்டக்காரப் பிள்ளைகளோடு காலையும் மாலையும் மைதானத்தில் நிற்கிறவன். ஓட்டம் என்றில்லை, பாக்ஸிங், பளுதூக்குதல், ஹாக்கி, கபடி எதுவானாலும் அடிப்படை விதி ஒன்றுதான்.

ஊக்கமருந்து என்றதும் ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிற ஆள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறான். எனக்கு அவனைவிட அதிகக் கவலை, போட்டிக்கு மூன்று நாள் முன்னால் காய்ச்சல் வந்து, கிளினிக்கில் ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு, பெயர் தெரியாத இரண்டு மாத்திரைப் பொட்டலத்தோடு ரயில் ஏறுகிற பிள்ளையைப் பற்றித்தான். அந்த ஊசியில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரியாது. விதி முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: தடைசெய்த பொருள் உன் உடம்பில் இருந்ததா இல்லையா. தெரிந்து போட்டாயா, தெரியாமல் போட்டாயா என்பதெல்லாம் பிற்பாடு, தண்டனையைக் கூட்டுகிற குறைக்கிற கட்டத்தில்தான் வரும். அதனால் பரிசோதனைக்குத் தயாராவது சிறுநீர், ரத்தச் சாம்பிள் கொடுக்கிற அறையில் ஆரம்பிப்பதில்லை, மெடிக்கல் ஷாப் வாசலில் ஆரம்பிக்கிறது.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலக அளவில் விதி எழுதுவது வாடா, அதாவது உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை. 1999இல் தொடங்கியது, தலைமையகம் கனடாவின் மாண்ட்ரியல். இந்தியாவில் அந்த விதியை நடத்துவது நாடா, தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை. 2005இல் உருவானது, 2022இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. போட்டிக்கும் வீட்டுக்கும் ஆள் அனுப்பிச் சாம்பிள் எடுப்பதும், தப்பு கண்டால் வழக்கு நடத்துவதும் நாடாவின் வேலை.

சாம்பிளைச் சோதிப்பது வேறு இடம். புது டில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்க வளாகத்தில் இருக்கிற தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனை ஆய்வகம். 1990இல் சின்ன அளவில் ஆரம்பித்தது, 2008இல் வாடாவின் அங்கீகாரம் கிடைத்தது. உலகம் முழுக்கத் தேடினாலும் அந்த அங்கீகாரம் உள்ள ஆய்வகங்கள் ஏறக்குறைய 30தான். அதை ஒருமுறை வாங்கிவிட்டால் போதும் என்றும் இல்லை. ஆய்வகத்துக்கே தெரியாமல், சாதாரணச் சாம்பிள் மாதிரியே சோதனைச் சாம்பிளை வாடா அனுப்பிப் பார்க்கும். நம் டில்லி ஆய்வகத்தின் அங்கீகாரத்தை 2019 ஆகஸ்டில் நிறுத்திவைத்தார்கள், 2021 டிசம்பரில்தான் அது திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நம் வீரர்களின் சாம்பிள்கள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போயின. அது நாட்டுக்கு அவமானம் என்று பலர் வருத்தப்பட்டார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் நான்கு வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கிற இயந்திரத்தை அந்த அளவுக்குக் கறாராகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு கணக்கு. 2023இல் இந்தியாவில் எடுத்த 5,606 சாம்பிள்களில் 3.8 சதவீதத்தில் தடைசெய்த பொருள் இருந்தது. ஐயாயிரத்துக்கு மேல் சோதனை செய்த நாடுகளில் அதுதான் மிக உயர்ந்த விகிதம். அதே வருடம் செப்டம்பரில் டில்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பலர் களத்தை விட்டே போய்விட்டார்கள், ஆண்கள் 100 மீட்டர் இறுதிச் சுற்றில் ஒரே ஒருவர்தான் ஓடினார். சுத்தமாக ஓடுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று நினைத்தாலே எனக்கு மனசு ஆறுவதில்லை.

கிளினிக்கிலும் மெடிக்கலிலும்

தடைப்பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் புதிதாக நடைமுறைக்கு வரும். போன வருடப் பட்டியலை மனப்பாடம் செய்து வைத்திருப்பதில் பயனில்லை. சில பொருள்கள் எப்போதுமே தடை, சில போட்டிக் காலத்தில் மட்டும் தடை. போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முந்தின நாள் இரவு 11.59க்கே தொடங்கிவிடும்.

நம் ஊரில் சோர்வாக இருக்கிறது என்றால் உடனே குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிற பழக்கம் இருக்கிறதே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். குளுக்கோஸ் தடைசெய்த பொருள் இல்லை, ஏற்றுகிற முறைதான் தடை. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் விதிமீறல். ஆஸ்பத்திரியில் முறையான சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோயறிவதற்கான பரிசோதனை இவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரு பாட்டில் டிரிப்ஸ் சாதாரணமாக 500 மில்லி. ஓட்டத்துக்கு முந்தின நாள் "ஒரு பாட்டில் போட்டா தெம்பா இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத் தண்ணீரில் கலந்து குடிப்பதில் எந்தத் தடையும் இல்லை.

அடுத்தது ஊசி. காய்ச்சல், அலர்ஜி, வீசிங், மூட்டுவலி என்று போனால் டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவது பல இடங்களில் வழக்கம். அது ஒரு ஸ்டீராய்டு, போட்டிக் காலத்தில் ஊசியாகவும் மாத்திரையாகவும் தடை. தசையில் போட்ட டெக்ஸாமெத்தசோன் உடம்பை விட்டுப் போக 5 நாள் என்று வாடா கணக்கு வைத்திருக்கிறது, டிரையாம்சினோலோன் என்கிற இன்னொரு ஸ்டீராய்டு என்றால் 60 நாள். அறுபது நாள் என்றால் ஒரு சீசனே முடிந்துவிடும். தோலில் தடவுகிற களிம்புக்குத் தடை இல்லை.

இருமல் டானிக் வாங்கும்போது பாட்டிலில் டெர்பியூட்டலின் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது எப்போதும் தடை. மூச்சிரைப்புக்கு சால்பூட்டமால் இன்ஹேலர் எடுக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் என்ற அளவுக்குள் அனுமதி உண்டு. ஆனால் அதே மருந்தை மாத்திரையாகவோ சிரப்பாகவோ எடுத்தால் தடை. குளிர்காலத்தில் ஊட்டியில் காலை ஐந்தரைக்கு ஓடுகிற பிள்ளைகளில் வீசிங் இருக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எடைப் பிரிவில் ஆடுகிறவர்கள், பாக்ஸிங், பளுதூக்குதல், ஜூடோ ஆட்கள், எடை குறைக்க நீர் பிரிகிற மாத்திரை போடவே கூடாது. ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு எல்லாம் எப்போதும் தடை, இரண்டாவது பொருள் வீட்டில் பெரியவர்கள் போடுகிற பிரஷர் மாத்திரைகள் பலவற்றில் கலந்தே வரும். லடாக், இமயமலை டிரெக்கிங் போகிறவர்கள் மலைநோய்க்குப் போடுகிற அசெட்டசோலமைடும் இதே வரிசைதான். துப்பாக்கி சுடுகிறவர்களும் வில்வித்தைக்காரர்களும் படபடப்புக்கு எழுதிக்கொடுக்கிற புரோப்ரனலாலைத் தொடக் கூடாது.

சரி, எதைத்தான் போடலாம்? பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், செட்டிரிசின், வழக்கமான ஆன்டிபயாட்டிக், இவை பட்டியலில் இல்லை. ஆனால் ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து கலந்து வருவது நம் நாட்டில் சாதாரணம், அதனால் அட்டையின் முன்பக்கத்துப் பெயரை நம்பாமல் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற கலவையைப் படியுங்கள். டிராமடால் கலந்த வலி மாத்திரை 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடை. சூடோஎபிட்ரின் கலந்த சளி மாத்திரையும் அளவு மீறினால் சிக்கல். சளிக்கு நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்ப்பதிலும் ஆவி பிடிப்பதிலும் ஒன்றும் இல்லை. டீ பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள்: காஃபின் 2004இலேயே தடைப்பட்டியலிலிருந்து போய்விட்டது, தாராளமாகக் குடிக்கலாம். கசகசாவை மட்டும் போட்டி நெருங்கும்போது விட்டுவிடுங்கள். குருமாவில் அரைத்துவிட்ட கசகசாவிலிருந்து மார்ஃபின் சிறுநீரில் தெரிய வாய்ப்பு உண்டு.

புரோட்டீன் பவுடர், எடை கூட்டுகிற பவுடர், கடையில் அவர்களே பொட்டலம் கட்டித் தருகிற லேகியம், இவற்றில் என் முடிவு கறாரானது: பள்ளிப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். டப்பாவில் உணவுத் தர ஆணைய உரிம எண் இருப்பதால் அதற்குள் ஊக்கமருந்து கலக்கவில்லை என்று அர்த்தம் ஆகாது. பயிறு, முட்டை, பால், அவரை, கேழ்வரகுக் களி, இவற்றில் ஓடி வந்தவர்கள்தான் நம் மலையில் நிறையப் பேர்.

டாக்டரிடம் போனால் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "டாக்டர், நான் தேசியப் போட்டியில ஓடுறேன், ஊக்கமருந்துப் பரிசோதனை இருக்கும், தடைப்பட்டியல்ல இல்லாத மருந்தா எழுதுங்க." வெட்கப்படாதீர்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். மருந்துச் சீட்டையும் அட்டையையும் அங்கேயே போட்டோ எடுங்கள். ஊசி போட்டால் காலி ஆம்பூலை, அதாவது மருந்து இருந்த கண்ணாடிக் குப்பியைக் கேட்டு அதையும் போட்டோ எடுங்கள். வாங்கின மருந்தை நாடாவின் செயலியில் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் வாயில் போடுங்கள்.

தடைசெய்த மருந்துதான் உண்மையிலேயே வேண்டும் என்றால் வழி இருக்கிறது. முதல் வகை சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு இன்சுலின் இல்லாமல் முடியாது, இன்சுலினோ எப்போதும் தடை. அதற்கு மருத்துவ விலக்கு என்று நாடாவிடம் விண்ணப்பிக்க வேண்டும், டாக்டர் அறிக்கை, பரிசோதனை முடிவு எல்லாம் இணைத்து, போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால். கடைசி வாரம் ஓடாதீர்கள்.

மலையில் இருப்பதால் வருகிற இரண்டு விஷயம்

ஒன்று, ரத்தம். நீண்ட தூரம் ஓடுகிறவர்களிடம் சிறுநீரோடு ரத்தமும் எடுப்பார்கள், அது உயிரியல் பாஸ்போர்ட் என்கிற கணக்குக்குப் போகும். அதில் மருந்தைத் தேடுவதில்லை. உங்கள் ஹீமோகுளோபின், புதிய சிவப்பணுக்களின் சதவீதம் முதலானவற்றைப் பல முறை எடுத்து, உங்கள் எண்ணை உங்கள் எண்ணோடேயே ஒப்பிட்டு, இயல்புக்கு மாறாக ஏறி இறங்கினால் சந்தேகப்படுவார்கள். உயரத்தில் காற்றில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறைவு, அதற்கு ஈடுகட்ட சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டினைக் கூடுதலாகச் சுரந்து சிவப்பணுவைப் பெருக்கும். இதையேதான் அந்த எரித்ரோபொய்ட்டினை, சுருக்கமாக இ.பி.ஓ., ஊசியாகப் போடுகிறவன் குறுக்கு வழியில் செய்கிறான்.

அதனால் ரத்தம் எடுக்கும்போது படிவத்தில் ஒரு கேள்வி வரும்: கடந்த இரண்டு வாரத்தில் 1,500 மீட்டருக்கு மேல் தங்கினீர்களா, பயிற்சி செய்தீர்களா? ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர் அளவில், குன்னூரும் கோத்தகிரியும் ஏறக்குறைய 1,800. இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் "ஆம்" என்று எழுதி, ஊர்ப் பெயர், உயரம், எந்தத் தேதி கீழே இறங்கினீர்கள் என்பதையும் எழுத வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பிள்ளைகள் கவனியுங்கள், மாவட்டம் நீலகிரிதான் என்றாலும் கூடலூர் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான், ஊட்டிக்கு வந்து தங்கிப் பயிற்சி செய்திருந்தால் மட்டுமே "ஆம்". வீடே இங்கே இருப்பதால் இதைப் பெரிய விஷயமாக நினைக்காமல் "இல்லை" என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். பாஸ்போர்ட்டைப் பார்க்கிற நிபுணர்களுக்கு உங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, படிவத்தில் நீங்கள் எழுதினதுதான் தெரியும். ரத்தம் எடுப்பதற்கு முன் குறைந்தது 10 நிமிடம் பாதம் தரையில் படும்படி உட்கார வைப்பார்கள், எழுந்து நடந்தால் எண் மாறும் என்பதால்.

இரண்டாவது, இருப்பிடத் தகவல். இது எல்லோருக்கும் இல்லை. பதிவுபெற்ற பரிசோதனைக் குழுவில் சேர்த்திருக்கிறோம் என்று நாடாவோ சர்வதேச சம்மேளனமோ எழுத்தில் தெரிவித்தவர்களுக்கு மட்டும். அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு நாளும் எங்கே இருப்போம் என்பதையும், காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணிக்குள் ஒரு 60 நிமிட நேரத்தையும் இணையத்தில் பதிய வேண்டும். அந்த ஒரு மணி நேரம் சொன்ன இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினால், மருந்தே எடுக்காவிட்டாலும் இரண்டு வருடம் வரை தடை.

மைதானம் பக்கத்திலேயே வீடு இருக்கிறவர்களுக்கு இது எளிது. நம் மலைக்கு வருகிற அதிகாரிக்கு "எஸ்டேட் லைன் வீடு, மூன்றாவது டிவிஷன்" என்று மட்டும் எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பார்? எந்த டீ ஃபேக்டரி, அதற்கு மேல் எந்தப் பாதை, வண்டி எது வரைக்கும் வரும், அதற்கப்புறம் எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், லைனில் எத்தனையாவது வீடு, கதவு என்ன நிறம், கேட்டில் வாட்ச்மேனிடம் யார் பெயரைச் சொல்ல வேண்டும், எல்லாம் எழுதுங்கள். ஹட்டியில், அதாவது படுகர் ஊர்களில் இருக்கிறவர்கள் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அப்பா பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வருகிற அதிகாரி போன் செய்துவிட்டுத்தான் வருவார் என்று நினைக்காதீர்கள், முன்கூட்டிச் சொல்லாமல் வருவதுதான் இதன் முறை. செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறவர்கள் விடியற்காலை வீட்டில் இருக்கிற நேரத்தையே கொடுப்பது நல்லது. மழைக்காலத்தில் பர்லியாறு பாதையில் மண் சரிந்து நீங்கள் மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொண்டால், உங்கள் நேரம் தொடங்குவதற்கு முன்பாகவே இணையத்தில் பதிந்த இருப்பிடத்தை மாற்றிவிடுங்கள், மாற்றின திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

சாம்பிள் கொடுக்கிற நாள்

ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கும்போதே ஒருவர் வந்து அடையாள அட்டையைக் காட்டி, உங்களைப் பரிசோதனைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார். அந்த நொடியிலிருந்து சாம்பிள் கொடுத்து முடிக்கும் வரை அவர் பார்வையை விட்டு நகரக் கூடாது. பரிசளிப்பு, அடுத்த ஓட்டம், காயத்துக்குக் கட்டு, கூடப் பயிற்சியாளரைக் கூட்டி வருவது, இவற்றுக்காக நேரம் கேட்கலாம், அவர் கூடவே வருவார். பயந்து நழுவிப் போவதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு, மறுத்தால் நான்கு வருடம் வரை தடை.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான், "மாஸ்டர், பாத்ரூமுக்குள்ள ஆள் வருமாமே?" ஆமாம், வருவார்கள். சாம்பிளை மாற்றி வைக்கிற ஏமாற்று வேலை நடந்திருப்பதால்தான் இந்த விதி. ஆனால் பெண்ணுக்குப் பெண்தான் வருவார், அதில் விட்டுக்கொடுக்கத் தேவையே இல்லை. சட்டையை மார்பு வரைக்கும், கையை முழங்கை வரைக்கும் ஏற்றச் சொல்வார்கள், கீழாடையை முழங்காலுக்கு இறக்கச் சொல்வார்கள். 18 வயதுக்குள் இருக்கிற பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். அவர் பிள்ளையைப் பார்க்க மாட்டார், பார்வையிடுகிற அதிகாரி முறையாக நடந்துகொள்கிறாரா என்பதைப் பார்ப்பார். மாதவிலக்கு என்பதால் பரிசோதனை தள்ளிப்போகாது, சங்கடப்படாமல் அந்தப் பெண் அதிகாரியிடம் முன்கூட்டிச் சொல்லிவிடச் சொல்லுங்கள். இதையெல்லாம் வீட்டில் அம்மாவோ அக்காவோ முதலிலேயே பேசிவைத்தால் பிள்ளை அந்த அறையில் அழ மாட்டாள்.

தேவையான சிறுநீர் குறைந்தது 90 மில்லி. குறைவாக வந்தால் அதையும் சீல் வைத்துவிட்டு மறுபடி வரும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். சீக்கிரம் போக வேண்டும் என்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்காதீர்கள். கொடுத்த பிறகு மிச்சம் இருக்கிற சில சொட்டுகளை ரிஃப்ராக்டோமீட்டர் என்கிற சின்னக் கருவியில் விட்டு அடர்த்தி பார்ப்பார்கள், 90 மில்லி சாம்பிளுக்கு 1.005 வர வேண்டும். தண்ணீராக இருந்தால் இன்னொரு சாம்பிள், இன்னொரு காத்திருப்பு. மூடி திறக்காத பாட்டில் தண்ணீரை நீங்களே திறந்து அளவாகக் குடியுங்கள். வேறு யார் நீட்டுகிற பாட்டிலையும் வாங்காதீர்கள்.

அதற்கப்புறம் நடப்பதைக் கண் கொட்டாமல் பாருங்கள். சீல் வைத்த கிட் பெட்டிகள் பலவற்றை வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள், நீங்களேதான் எடுக்க வேண்டும். உள்ளே இரண்டு கண்ணாடி பாட்டில், ஏ, பி. பெட்டியில், இரண்டு பாட்டிலில், மூடிகளில் இருக்கிற எண் எல்லாம் ஒன்றேதானா என்று வாய்விட்டுப் படியுங்கள். பி பாட்டிலில் 30 மில்லி, மிச்சம் ஏ பாட்டிலில். ஊற்றுவதும் நீங்கள், மூடுவதும் நீங்கள். மூடியைத் திருகும்போது டக் டக்கென்று பல் ஏறுகிற சத்தம் கேட்கும், இனி திருகவே முடியாது என்கிற வரைக்கும் திருகிவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை மூடினால் மூடியை உடைக்காமல் திறக்க முடியாது.

கடைசியாகப் படிவம். கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்து, டானிக், பவுடர், கஷாயம் எல்லாவற்றையும் எழுதுங்கள், அந்த போட்டோக்கள் இப்போதுதான் கைகொடுக்கும். எழுதினதால் தடைசெய்த மருந்து அனுமதியாகிவிடாது, ஆனால் மறைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. கருத்து எழுத ஓர் இடம் இருக்கும். எண் பொருந்தவில்லை, அறைக்குள் யாரோ வந்து போனார்கள், மொழி புரியவில்லை, எதுவானாலும் அங்கே எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள், தமிழிலேயே எழுதலாம். உங்களுக்கான நகலை வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது.

டில்லியில் என்ன செய்கிறார்கள்

ஆய்வகத்துக்குப் போகிற காகிதத்தில் உங்கள் பெயர் இருக்காது. எண், ஆணா பெண்ணா, என்ன விளையாட்டு, போட்டியில் எடுத்ததா வெளியில் எடுத்ததா, அந்த மாதிரித் தகவல்தான். சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஏ பாட்டிலை மட்டும் திறப்பார்கள், பி உறைநிலைக்குப் போய்விடும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதிவைப்பார்கள்.

சிறுநீரில் மருந்து அப்படியே கிடப்பதில்லை, உடம்பு அதை உடைத்து வேறு பொருளாக்கி வெளியே தள்ளுகிறது. ஸ்டீராய்டுகளைப் பொறுத்தவரை அந்தத் துண்டுகளை நொதி சேர்த்து விடுவித்து, கரைப்பானில் பிரித்தெடுத்து, குரோமட்டோகிராபி என்கிற முறையில் வரிசையாகப் பிரித்து, நிறை நிறமாலைமானியில் ஒவ்வொன்றின் மூலக்கூறு எடையையும் பார்த்து அடையாளம் காண்கிறார்கள். ஒரு மில்லியில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, அந்த அளவுக்கும் கீழே கூடப் பிடிபடும். ஸ்டானோசலால் மாதிரியான சில ஸ்டீராய்டுகளின் நீண்டகாலத் துண்டுகள் மாதக்கணக்கில் தெரியும். பத்து நாளில் போய்விடும் என்று ஜிம்மில் சொல்கிறவனை நம்பிக் கெட்டவர்கள் நிறைய.

டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் எல்லோர் உடம்பிலும் சுரக்கிறதே, அதில் எது ஊசி எது இயற்கை என்று எப்படிச் சொல்வார்கள்? மருந்துக் கம்பெனி டெஸ்டோஸ்டிரோனைப் பெரும்பாலும் சோயா மாதிரியான தாவரப் பொருளிலிருந்து செய்கிறது. அந்தத் தாவரங்களில் கார்பன்-13 என்கிற கனமான கார்பனின் பங்கு, பல வகை உணவு சாப்பிடுகிற மனித உடம்பில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த நுண்ணிய வித்தியாசத்தை அளக்கிற தனிக் கருவி இருக்கிறது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஒளிக்கவே முடியாத ஒரு முத்திரை அணுவிலேயே இருக்கிறது.

முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் உடனே பாசிட்டிவ் என்று எழுதிவிட மாட்டார்கள். அதே ஏ பாட்டிலிலிருந்து புதிதாகக் கொஞ்சம் எடுத்து, அந்தப் பொருளுக்கென்றே தனியாக மறுபடி செய்து உறுதிப்படுத்துவார்கள்.

கடிதம் வந்தால்

முடிவு நாடாவுக்குப் போகும். அங்கேதான் எண்ணையும் பெயரையும் சேர்த்துப் பார்ப்பார்கள், மருத்துவ விலக்கு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இல்லையென்றால் அறிவிப்பு, பெரும்பாலும் மின்னஞ்சலில் வரும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மின்னஞ்சலை நெட் சென்டர்க்காரர்தான் உருவாக்கியிருப்பார், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. இன்றைக்கே சொந்தமாக ஒன்று உருவாக்கி, வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள், ஏனென்றால் இதில் எல்லாமே நாள் கணக்கு. நான்கு வருடத் தடை வரக்கூடிய வழக்கில் குற்றச்சாட்டு வந்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றால் ஒரு வருடம் குறையும்.

தசை வளர்க்கிற ஸ்டீராய்டு மாதிரிப் பொருள் என்றால் உடனே தற்காலிகத் தடை, விசாரணை முடியும் முன்பே. பி பாட்டிலைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம், திறக்கும்போது நீங்களோ உங்கள் ஆளோ நேரில் இருக்கலாம். இரண்டும் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் வழக்கு அதோடு முடிந்தது. பொருந்தினால் ஒழுங்கு விசாரணைக் குழு, அதற்கு மேல் மேல்முறையீட்டுக் குழு, சர்வதேச அளவு வீரர்களுக்கு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம். கடுமையான பொருளுக்கு நான்கு வருடம், தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் இரண்டு. பெரிய தவறு இல்லை என்று காட்ட முடிந்தால் இன்னும் குறையும், பதினாறு வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு அதில் கூடுதல் சலுகை உண்டு. கிளினிக் சீட்டும் ஆம்பூல் போட்டோவும் உதவுகிற இடம் இதுதான். வெறும் வாயால் "எனக்குத் தெரியாது" என்றால் எந்தக் குழுவும் ஏற்காது.

2019இல் தோகாவில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வாங்கின திருச்சிப் பக்கத்துக் கோமதி மாரிமுத்துவை நம் மாநிலமே கொண்டாடியது. அவருடைய சாம்பிள்களில் நாண்ட்ரோலோன் என்கிற ஸ்டீராய்டு சார்ந்த பொருள் இருந்ததாக நான்கு வருடத் தடை வந்தது, பதக்கமும் போனது. தான் தெரிந்து எதுவும் எடுக்கவில்லை என்று அவர் சொன்னார். ஏழை வீட்டிலிருந்து அந்த உயரத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை நினைத்து இன்றும் வருந்துகிறேன், என் பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றும் வரவில்லை என்றால் நிம்மதியாகப் பயிற்சியைத் தொடருங்கள். ஆனால் படிவ நகலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாம்பிளைப் பத்து வருடம் வரை வைத்திருந்து புதிய முறையில் மறுபடி சோதிக்க விதியில் இடம் இருக்கிறது, அதனால் உங்கள் காகிதங்களும் பத்து வருடம் இருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் காகிதம் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும், கார்பன் நகல் எழுத்து வேறு சீக்கிரம் மங்கும். அதே நாளில் போட்டோ எடுத்து அந்தப் புது மின்னஞ்சலுக்கே அனுப்பிவிட்டு, நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள்.